பஞ்சாங்கமும் கவுண்டி எல்லையும்: டஃப் ஆம்ஸ்ட்ராங் கொலை வழக்கு, 1858

ஆபிரகாம் லிங்கன் வக்கீலாக இருந்த காலத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்றுதான். கொலை வழக்கு. 'நிலா வெளிச்சத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன்' என்கிறான் சாட்சி. லிங்கன் ஒரு பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டுகிறார், அந்த நேரத்துக்கு வானத்தில் நிலாவே கிடையாது என்று காட்டுகிறார், சாட்சி வாயடைத்து நிற்கிறான், பையன் விடுதலை. பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியான கதை.

இதில் பாதி தப்பு. அந்த நேரத்தில் வானத்தில் நிலா இருந்தது. பஞ்சாங்கமும் அப்படித்தான் சொன்னது. பையனைக் காப்பாற்றியதில் பஞ்சாங்கத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் பெரிய பங்கு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பகுதி) அளவில் நீதிமன்றம் நடந்த விதத்துக்குத்தான் என்று நினைக்கிறேன். வழக்கு எந்த ஊரில் நடக்கிறது, யார் யாருக்குச் சொந்தம், எந்தக் குற்றவாளிக்கு முதலில் தீர்ப்பு வந்தது, ஜூரி (தீர்ப்புச் சொல்ல உட்காரவைத்த பன்னிரண்டு ஊர்க்காரர்கள்) கையில் போன காகிதத்தில் என்ன எழுதியிருந்தது, இதெல்லாம். அதனால் வழக்கை முதலிலிருந்து பார்ப்போம்.

1857 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை ராத்திரி. இடம் இல்லினாய் மாநிலத்தின் மேசன் கவுண்டியில் வெர்ஜின்ஸ் குரோவ் என்ற தோப்புக்குப் பக்கம். அங்கே ஒரு 'கேம்ப் மீட்டிங்' நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்து அமெரிக்கக் கிராமங்களில் இது பெரிய விசேஷம். சனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, தோப்பில் கூடாரம் அடித்து, நாள்கணக்கில் தங்கிப் பிரசங்கம் கேட்பார்கள், பாடுவார்கள், அழுவார்கள். கூட்டம் கூடுகிற இடத்துக்குச் சாராயமும் வரத்தானே செய்யும், பிரசங்க மேடையிலிருந்து தள்ளி விஸ்கி வண்டிகள் நிற்கும். நடுவில் ஆண்டவர், ஓரத்தில் விஸ்கி. இளவட்டங்கள் எந்தப் பக்கம் இருந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

விஸ்கிப் பக்கத்தில் மூன்று பேர்: ஜேம்ஸ் பிரெஸ்டன் மெட்ஸ்கர், ஜேம்ஸ் நாரிஸ், வில்லியம் ஆம்ஸ்ட்ராங். கடைசி ஆளை எல்லோரும் டஃப் என்றுதான் கூப்பிடுவார்கள், இருபதுகளின் நடுவில் இருந்தவன். குடித்துவிட்டுச் சண்டை. யார் ஆரம்பித்தது என்பதற்கு ஆளுக்கொரு பதில் உண்டு. தூங்கிக்கொண்டிருந்த தன்னை மெட்ஸ்கர்தான் காலைப் பிடித்து இழுத்துத் தள்ளினான் என்று டஃப் கிழவனான பிறகு சொன்னான். எப்படியோ, மெட்ஸ்கர் அன்றிரவு குதிரையேறி வீட்டுக்குப் போனான், வழியில் குதிரையிலிருந்து விழுந்தான் என்றும் பேச்சு, சில நாளில் செத்துப்போனான். மண்டையில் இரண்டு காயம். ஒன்று பின்மண்டையில், இன்னொன்று கண்ணுக்குப் பக்கத்தில்.

குற்றப்பத்திரிகை இருவர் மேலும் சேர்த்தே வந்தது. நாரிஸ் ஒரு கட்டையால் பின்மண்டையில் அடித்தான், டஃப் ஸ்லங்ஷாட்டால் கண்பக்கம் அடித்தான் என்று. ஸ்லங்ஷாட் என்பது உலோகக் குண்டைத் தோலில் பொதிந்து தைத்து, மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வார் கட்டிய ஆயுதம். சட்டைப்பைக்குள் அடங்கும், அடி விழுந்தால் எலும்பு நொறுங்கும். கையில் அது இருந்தால் 'தற்செயலாகக் கைபட்டது' என்று யாரும் வாதாட முடியாது. அரசுத் தரப்புக்கு அதனால் அது முக்கியமான பொருள்.

இங்கே கொஞ்சம் நின்று, அந்த ஊர்களில் நீதி எப்படி நடந்தது என்று பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. இல்லினாயில் எல்லாமே கவுண்டிதான். 1848 அரசியல் சட்டப்படி ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு கவுண்டி நீதிமன்றம் உண்டு, உயில், வாரிசு, கவுண்டி நிர்வாகம் போன்ற விஷயங்களுக்கு. சில்லறைத் தகராறுகளுக்கு ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற உள்ளூர் நீதிபதி, பெரும்பாலும் சட்டம் படிக்காத உள்ளூர்ப் பெரியமனிதர். கொலை, பெரிய கடன், நிலத்தகராறு எல்லாம் சர்க்யூட் கோர்ட்டுக்குப் போகும். அந்த நீதிபதி ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார், பல கவுண்டிகளை ஒரு சுற்றாகச் சேர்த்து அவருக்குக் கொடுத்திருப்பார்கள், அவர் வசந்தத்தில் ஒரு தடவை, இலையுதிர் காலத்தில் ஒரு தடவை ஊர் ஊராகப் போய் அந்தந்தக் கவுண்டித் தலைநகரின் கோர்ட் கட்டடத்தில் சில நாள் உட்கார்ந்து வழக்குகளை முடிப்பார். நீதிபதி, அரசு வக்கீல், ஷெரீஃப், கிளார்க் எல்லாருமே ஓட்டு வாங்கி வந்தவர்கள். ஜூரி அந்தக் கவுண்டி விவசாயிகள். ஆக, ஒரு வழக்கில் யாருமே வெளியாள் கிடையாது.

நீதிபதியோடு வக்கீல்களும் ஊர்வலம் மாதிரி கூடவே போவார்கள். லிங்கன் வழக்கமாகச் சுற்றியது எட்டாவது சர்க்யூட், ஒரு காலத்தில் அதில் 14 கவுண்டிகள். அதன் நீதிபதி டேவிட் டேவிஸ் ஆள் அத்தனை பருமன், விடுதிகளில் வக்கீல்கள் ஒரு கட்டிலில் இரண்டு பேராகப் படுத்துக்கொள்ள, அவருக்கு மட்டும் தனிக் கட்டில். குதிரைவண்டி சேற்றில் சிக்கும், சாப்பாடு வாயில் வைக்க முடியாது, ராத்திரி விடுதியில் கதை பேசிச் சிரிப்பார்கள், காலையில் அதே ஆட்கள் எதிரெதிராக நின்று வாதாடுவார்கள். லிங்கன் ஊருக்குள் வந்ததும் உள்ளூர் வக்கீல்கள் வந்து 'இந்த வழக்கில் எங்களோடு நில்லுங்கள்' என்று கூப்பிடுவார்கள், ஐந்து டாலர், பத்து டாலர் பீஸ். கோர்ட் வாரம் வந்தால் ஊரே திரண்டுவிடும். வழக்கு இல்லாதவனும் வருவான், சந்தைக்குப் போகிற மாதிரி, வேடிக்கை பார்க்க, சரக்கு விற்க, அரசியல் பேச. கவுண்டித் தலைநகர் என்ற பட்டம் ஒரு ஊருக்குப் பிழைப்பு. அது பக்கத்து ஊருக்குப் போனால் ஊரே காலியாகும். லிங்கன் இளைஞனாக வாழ்ந்த நியூ சேலம் அப்படித்தான் அழிந்தது. 1839-ல் பக்கத்திலிருந்த பீட்டர்ஸ்பர்க் புதிய மெனார்ட் கவுண்டியின் தலைநகராகிவிட, நியூ சேலத்துச் சனங்கள் வீட்டையும் கடையையும் பெயர்த்துக்கொண்டு அங்கே போய்விட்டார்கள்.

அந்த நியூ சேலம்தான் இந்தக் கதையின் அடிவேர். 1831-ல் லிங்கன் அங்கே கடைச் சிப்பந்தியாக வந்தபோது, கிளாரிஸ் குரோவ் பையன்கள் என்று ஒரு முரட்டுக் கூட்டம் இருந்தது. அதன் தலைவன் ஜாக் ஆம்ஸ்ட்ராங். புது ஆளோடு மல்லுக்கட்டினான். யார் ஜெயித்தது என்று ஊரில் பல கதை இருந்தாலும், அன்றிலிருந்து இருவரும் சிநேகிதர்கள் என்பதில் சண்டையில்லை. ஜாக்கின் மனைவி ஹன்னா லிங்கனுக்குச் சோறு போட்டாள், கிழிந்த கால்சட்டைக்கு மான்தோல் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். லிங்கன் அவள் குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிவிட்டார். அந்த வீட்டுப் பிள்ளைதான் டஃப்.

சரி, வழக்குக்கு வருவோம். மேசன் கவுண்டியின் தலைநகர் ஹவானா. நாரிஸின் விசாரணை 1857-ன் கடைசியில் அங்கேயே நடந்தது. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று தீர்ப்பு, எட்டு வருஷ சிறை. சம்பவம் நடந்து சில மாதமே ஆகியிருந்தது, ஊர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது, செத்தவனைத் தெரிந்தவர்கள் நடுவில் விசாரணை.

டஃப் தரப்பு வேறு வழி பிடித்தது. இந்த ஊரில் எனக்கு நியாயம் கிடைக்காது, சனங்கள் மனசு எனக்கு எதிராக இருக்கிறது என்று மனுப் போட்டு, வழக்கை வேறு கவுண்டிக்கு மாற்றிக்கொண்டது. போனது அதிக தூரமில்லை. சாங்கமன் ஆற்றுக்குத் தெற்கே பக்கத்துக் கவுண்டியான காஸ், அதன் அப்போதைய தலைநகர் பியர்ட்ஸ்டவுன், இல்லினாய் ஆற்றங்கரை ஊர். இந்த ஒரு மனு என்ன செய்தது என்று பாருங்கள். ஒரே குற்றப்பத்திரிகையில் இருந்த இரண்டு பேரும் இரண்டு கவுண்டிக்குப் பிரிந்துபோனார்கள். இரண்டு நீதிமன்றம், இரண்டு ஜூரி, இரண்டு விசாரணை. மண்டையில் இரண்டு காயம் இருந்ததல்லவா, ஆளுக்கொன்றாகப் பிரித்துவிடலாம். முதல் காயத்துக்கு ஆள் கிடைத்து, அவன் ஏற்கனவே சிறையில். இந்த வழக்கின் மொத்தக் கணக்கும் இதில்தான் இருக்கிறது, ஆனால் கதை சொல்கிறவர்கள் யாரும் இதில் நிற்பதில்லை, நேராக நிலாவுக்குப் போய்விடுகிறார்கள்.

1858 மே 7, வெள்ளிக்கிழமை. பியர்ட்ஸ்டவுன் கோர்ட் கட்டடம் செங்கல்லில் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம், 1840-களில் கட்டியது. நீதிபதி ஜேம்ஸ் ஹாரியட். அரசுத் தரப்பில் அரசு வக்கீல் ஹியூ ஃபுல்லர்டன், அவருக்குத் துணையாக உள்ளூர் வக்கீல் ஹென்றி ஷா. டஃப் பக்கம் உள்ளூர் வக்கீல் வில்லியம் வாக்கர், அவரோடு லிங்கன். காஸ் கவுண்டி லிங்கனின் வழக்கமான சுற்றிலேயே இல்லை. அவர் அப்போது சாதாரண வக்கீலும் இல்லை, முந்தைய வருஷம்தான் இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே கம்பெனி தனக்குத் தரவேண்டிய 5,000 டாலர் பீஸுக்காக அந்தக் கம்பெனி மேலேயே வழக்குப் போட்டு ஜெயித்திருந்தார். இன்னும் சில மாதத்தில் செனட் இடத்துக்காக, அதில் அப்போது இருந்த ஸ்டீபன் டக்ளஸோடு ஊர் ஊராக மேடையேறி மோதப் போகிறவர். அப்படிப்பட்டவர் ஜாக் ஆம்ஸ்ட்ராங்கின் விதவைக்காக, பைசா வாங்காமல், இங்கே வந்து நின்றார்.

டஃப் தன் தரப்பைத் தானே சொல்ல முடியாது. இது இன்றைய வாசகருக்கு வினோதமாகப் படும். அந்தக் காலச் சட்டப்படி குற்றம்சாட்டப்பட்டவன் சாட்சிக் கூண்டில் ஏறி சத்தியம் செய்து பேசக்கூடாது, தன் உயிருக்காக எவனும் பொய் சொல்வான் என்பது சட்டத்தின் எண்ணம். அவன் வாயடைத்து உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் அவனைப் பற்றிப் பேசுவார்கள். அதனால் எல்லாமே மற்ற சாட்சிகளின் நம்பகத்தைப் பொறுத்தது.

முக்கிய சாட்சி சார்ல்ஸ் ஆலன். சுமார் 150 அடி தூரத்திலிருந்து பார்த்ததாகச் சொன்னான். ராத்திரி பதினோரு மணிவாக்கில், டஃப் ஸ்லங்ஷாட்டால் மெட்ஸ்கரை அடித்ததைப் பார்த்தேன். எப்படித் தெரிந்தது? நிலா வெளிச்சத்தில். நிலா எங்கே இருந்தது? நன்றாக மேலே. லிங்கன் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டார் என்கிறார்கள் அங்கே இருந்தவர்கள், கோபப்படாமல், சந்தேகம் தீர்த்துக்கொள்கிறவர் மாதிரி. குறுக்கு விசாரணை தெரிந்த எவருக்கும் இது என்ன வேலை என்று புரியும். சாட்சியை ஒரு விவரத்தில் ஆணியடித்து நிறுத்துகிற வேலை, அப்புறம் அவன் 'ஏறக்குறைய', 'ஞாபகமில்லை' என்று நழுவ முடியாது. ஆலன் தானாகவே அந்த ஆணியைப் பிடித்துக்கொடுத்தான்.

பிறகுதான் பஞ்சாங்கம் வந்தது. பஞ்சாங்கம் என்றால் ஏதோ அபூர்வப் பொருள் என்று நினைக்க வேண்டாம். சூரியன் எழுவது, நிலா மறைவது, பருவம், விதைப்பு என்று அச்சடித்த ஆண்டுப் புத்தகம், அங்கே பண்ணை வீடுகளில் சர்வசாதாரணம். ஜூரியில் உட்கார்ந்திருந்த விவசாயிகளுக்கு அது தெரிந்த, நம்பிக்கையான சாட்சி, மனிதச் சாட்சியை விட நம்பிக்கையானதும்கூட. அன்று ராத்திரி நிலா மறைகிற நேரம் நள்ளிரவு தாண்டி மூன்று நிமிஷம் என்று அதில் இருந்தது.

கவனியுங்கள். 12:03-க்கு மறைகிற நிலா 11 மணிக்கு வானத்தில்தான் இருக்கும், ஆனால் அடிவானத்தை ஒட்டி. மேலே இல்லை. ஆலன் சொன்னது தப்பு, ஆனால் 'இருட்டாக இருந்தது, எதுவுமே தெரிந்திருக்காது' என்று பஞ்சாங்கம் சொல்லவில்லை. கதை வாய்மாறி வாய்மாறி 'நிலாவே இல்லை' என்றானது பிற்பாடு.

1990-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஒன்றின் டொனால்ட் ஓல்சன், ரஸ்ஸல் டோஷர் என்ற இருவர் இதை வானியல் கணக்காகப் போட்டுப் பார்த்து ஸ்கை அண்ட் டெலஸ்கோப் பத்திரிகையில் எழுதினார்கள். பஞ்சாங்கக் கணக்கு சரிதான் என்று உறுதியானது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது, அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அன்று நம் கணக்கில் வளர்பிறை தசமி வாக்கில் இருக்கும், பாதிக்கு மேல் வளர்ந்த நல்ல நிலா. தசமி நிலா சாதாரணமாக நள்ளிரவு கழிந்து ஒன்றரை மணிபோல்தான் மறையும் என்று ராத்திரியில் வானத்தைப் பார்க்கிற யாருக்கும் தெரியும். அன்று மட்டும் ஏன் பன்னிரண்டுக்கே மறைந்தது? நிலாவின் பாதை 18.6 வருஷத்துக்கு ஒரு சுற்றாக மேலும் கீழும் ஆடுகிறது, அந்த வருஷங்களில் அது தெற்கே மிக அதிகமாக இறங்கியிருந்தது, அதனால் மத்திய இல்லினாயிலிருந்து பார்த்தால் நிலா தென்வானத்தில் தாழ்வாக ஒரு சின்ன வளைவு போட்டுவிட்டுச் சீக்கிரமே இறங்கிவிட்டது. மாலை 7:44-க்கு அதன் உச்சம். அந்த உச்சமே சுமார் இருபது டிகிரிதான். பதினோரு மணிக்குப் பத்து டிகிரிக்கும் கீழே. சுற்றிலும் தோப்பு வேறு. ஆக ஆலன் சொன்ன 'மேலே நிலா' அன்றைக்கு எந்த நேரத்திலும் இருந்திருக்க முடியாது. அவன் பொய் சொன்னான் என்று நான் சொல்ல மாட்டேன், 'அன்றைக்கு நல்ல நிலா' என்ற ஞாபகத்திலிருந்து மீதியை அவன் மனசு கட்டியிருக்கலாம், சாட்சிகள் பெரும்பாலும் அப்படித்தான். அவனைச் சுற்றி எல்லோரும் எட்டு மாதமாக அதையே பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஜூரி சிரித்ததாகவும், ஆலனின் சாட்சியம் அதோடு செத்தது என்று கூட்டம் நினைத்ததாகவும் பின்னாளில் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த வழக்கை மேடையிலிருந்து பார்த்த ஆள், நீதிபதி ஹாரியட், லிங்கன் இறந்த பிறகு அவருடைய பழைய கூட்டாளி ஹெர்ண்டன் விசாரித்தபோது சொன்னது வேறு. பஞ்சாங்கம் கொஞ்சம் உதவியிருக்கலாம், ஆனால் வழக்கை முடிவுசெய்தது டாக்டர் பார்க்கரின் சாட்சியம் என்பது அவர் கருத்து. எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. சார்ல்ஸ் பார்க்கர் என்ற அந்த டாக்டர் சொன்னது இதுதான்: பின்மண்டையில் பலமாக அடி விழுந்தால், அதன் அதிர்ச்சியில் முன்பக்கத்து எலும்பும் விரியலாம். அதாவது கண்பக்கத்துக் காயத்துக்குத் தனியாக ஒரு அடி தேவையே இல்லை. இரண்டு காயம், ஒரே அடி. அந்த ஒரு அடியை அடித்தவன் ஏற்கனவே தண்டனை பெற்றுவிட்டான்.

ஸ்லங்ஷாட்டும் கழன்றது. அது நெல்சன் வாட்கின்ஸ் என்பவனுடையது. அவனே கூண்டில் ஏறி, இது என்னுடையது, நான்தான் செய்தேன், அந்த ராத்திரி இதை வைத்திருந்தது நான்தான் என்று சொன்னான். உள்ளே என்ன உலோகம், மேலே எந்தத் தோல், எப்படித் தைத்தது என்றெல்லாம் அவன் விவரிக்க, லிங்கன் அதைக் கத்தியால் பிரித்து ஜூரிக்குக் காட்டினார் என்று பிற்காலத்தில் சொன்னார்கள். சம்பவ இடத்தில் கிடைத்த ஆயுதம் யாருடையது என்ற கேள்விக்குச் சொந்தக்காரனே பதில் சொல்லிவிட்டால், அரசுத் தரப்புக்கு அப்புறம் கையில் என்ன மிச்சம்?

இப்போது நான் முக்கியம் என்று சொன்ன காகிதம். அந்த ஊர்களில் சாட்சியத்தைச் சுருக்கெழுத்தில் எடுக்கிற வழக்கம் கிடையாது, அதனால் இந்த வழக்கில் யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு அதிகாரபூர்வப் பதிவு இல்லை, எல்லாம் பிற்கால ஞாபகங்கள். கிளார்க்கின் காகிதக் கட்டுகளில் தங்குவது குற்றப்பத்திரிகை, சம்மன், தீர்ப்பு, கட்டணக் கணக்கு, அப்புறம் ஜூரிக்கு நீதிபதி கொடுக்க வேண்டிய சட்ட விளக்கங்கள். அந்த விளக்கங்களை வக்கீல்களே எழுதிக் கொடுத்து, நீதிபதி ஒப்புக்கொண்டால் ஜூரிக்குப் போகும். லிங்கன் தன் கையால் இரண்டு எழுதினார். மெட்ஸ்கர் செத்தது கண்பக்கத்து அடியாலா பின்மண்டை அடியாலா என்று நியாயமான சந்தேகம் இருந்தால், டஃபும் நாரிஸும் சேர்ந்து திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சந்தேகமில்லாமல் நிரூபணமாகாத வரை, டஃபை விடுவிக்க வேண்டும் என்பது ஒன்று. மெட்ஸ்கரைக் கொன்றது நாரிஸ் என்று நம்பினால், இருவரும் கூட்டாகச் செய்தார்கள் என்பதும் நிரூபணமாகாவிட்டால், டஃபை விடுவிக்க வேண்டும் என்பது இன்னொன்று.

இதில் நிலா எங்கே? ஒரு சொல்கூட இல்லை. ஜூரி அறைக்குள் போனபோது அவர்கள் கையில் இருந்த சட்டத்தில் ஆலன் இல்லை, பஞ்சாங்கம் இல்லை, இரண்டு அடியும் நாரிஸும் மட்டும்தான். பக்கத்துக் கவுண்டியில் நாரிஸ் தண்டனை பெற்றது அந்தப் பன்னிரண்டு பேருக்குத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. அவன் அந்த அறையில் இல்லை, அவனுக்காகப் பேச யாருமில்லை, ஆனால் டஃபின் விடுதலைக்குத் தேவையான ஆதாரம் அவன்தான்.

சட்டத்துக்குப் பக்கத்திலேயே கண்ணீரும் ஓடியது. கடைசி வாதத்தில் லிங்கன் நியூ சேலத்துக்குப் போய்விட்டார். வீடில்லாத இளைஞனாக இருந்த தன்னை ஆம்ஸ்ட்ராங் குடும்பம் எப்படிப் பார்த்துக்கொண்டது, எதிரே உட்கார்ந்திருக்கிற இந்தக் கிழவி தனக்கு என்ன செய்தாள் என்று சொல்லச் சொல்ல அவர் கண் கலங்கியது, ஜூரியின் கண்ணும் கலங்கியது. அரசுத் தரப்பில் இருந்த ஷாவே 1866-ல் ஹெர்ண்டனுக்கு எழுதினார், டஃப் தப்பியது ஆதாரக் குறைவால் இல்லை, லிங்கனின் உருக்கமான பேச்சால் என்று. தோற்ற வக்கீல் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், 'ஆதாரமெல்லாம் என் பக்கம் இருந்தது' என்பதை எல்லாத் தோற்ற வக்கீலும் சொல்வார்கள். ஆனாலும் முழுக்கத் தள்ள முடியாது. வக்கீல் கட்சிக்காரரின் வீட்டில் சாப்பிட்டவர் என்பதை ஜூரி முன்னால் வாதமாகவே வைக்க முடிந்தது என்றால், அது கவுண்டிக் கோர்ட்டில்தான் முடியும், அங்கே உறவும் ஒரு சாட்சி.

ஜூரி வெளியே போனதும் ஹன்னாவால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து பக்கத்திலிருந்த ஒரு மேய்ச்சல் நிலத்துக்குப் போய்விட்டாள். சூரியன் மறைவதற்குள் உன் பிள்ளை விடுதலையாவான் என்று லிங்கன் அவளிடம் சொல்லியிருந்தார். அங்கேதான் ஆள் ஓடிவந்து சொன்னான். குற்றவாளி இல்லை. எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டதற்கு லிங்கன் ஒன்றும் வாங்க மறுத்துவிட்டார்.

அன்றைக்கே அந்த ஊரில் ஏபிரகாம் பையர்ஸ் என்ற இளம் புகைப்படக்காரர் லிங்கனைத் தெருவில் மடக்கிக் கூப்பிட்டுக்கொண்டுபோய்க் கண்ணாடித் தகட்டில் ஒரு படம் எடுத்தார். வெள்ளை லினன் கோட்டு, கசங்கியிருக்கும். ஒரு கொலை வழக்கை வாதாடிய நாளிலேயே எடுத்த முகம் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் படம் வேறு மாதிரி தெரியும்.

அப்புறம் வதந்தி. பஞ்சாங்கம் அந்த வருஷத்தது இல்லை, பழைய வருஷத்தது, தேதியைத் திருத்தி ஜூரியை ஏமாற்றிவிட்டார் என்று. லிங்கன் ஜனாதிபதி தேர்தலில் நின்றபோது இது எதிராளிகளுக்கு வசதியாக இருந்தது. அன்று கோர்ட்டில் இருந்த ஆப்ரம் பெர்கன் என்ற வக்கீல் இதைத் திட்டவட்டமாக மறுத்தார். புத்தகம் நீதிபதிக்கும் எதிர்த்தரப்புக்கும் போய் எல்லோரும் பார்த்தார்கள் என்றார். ஆனால் ஓல்சன்-டோஷர் கணக்கு வந்த பிறகு சாட்சிகளைக் கேட்க வேண்டியதே இல்லை. உண்மையான 1857 பஞ்சாங்கமே லிங்கனுக்கு வேண்டியதைச் சொல்கிறபோது எவனாவது பொய்ப் பஞ்சாங்கம் தயாரிப்பானா? வதந்தி பிழைத்ததற்குக் காரணம் 'நிலாவே இல்லை' என்ற தப்பான கதைதான் என்று நினைக்கிறேன். பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தவனுக்கு நிலா இருந்தது தெரிந்திருக்கும், உடனே லிங்கன் மோசடி செய்தார் என்று முடிவுகட்டியிருப்பான்.

இந்த வழக்கைப் பற்றி இன்று இவ்வளவு தெளிவாகப் பேச முடிவதற்கும் அந்தக் கவுண்டிக் கட்டடங்கள்தான் காரணம். 1980-களில் தொடங்கி ஆய்வாளர்கள் இல்லினாய் முழுக்கக் கவுண்டிக் கோர்ட்டுகளின் நிலவறைகளில் தூசி தட்டி, லிங்கன் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு தாளையும் தேடினார்கள். 5,000-க்கு மேல் வழக்குகள் கிடைத்தன. அதில் பாதிக்கும் மேல் கடன் வழக்கு. கொலை வழக்குகள் கொஞ்சம்தான். அவரை உலகம் நினைவில் வைத்திருக்கும் பஞ்சாங்க வழக்கு அந்தக் கட்டுகளுக்குள் ஒரு விதிவிலக்கு, மீதியெல்லாம் கடன் பத்திரமும், வேலித் தகராறும் மாதிரியான அன்றாடம். பியர்ட்ஸ்டவுன் தலைநகர் பட்டத்தை 1870-களில் வெர்ஜீனியா என்ற பக்கத்து ஊரிடம் இழந்தது. ஆனாலும் கட்டடம் பிழைத்தது, ஊர் மன்றமாக மாறியது, லிங்கன் வாதாடிய அறை இன்றும் இருக்கிறது.

டஃப் உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்குப் போனான், உடம்பு சரியில்லாமல் போனது. ஹன்னா லிங்கனுக்கு எழுதினாள், இப்போது அவர் ஜனாதிபதி. 1863 செப்டம்பரில் லிங்கன் தந்தி அடித்தார், உன் பையன் வில்லியமை விடுவிக்க இப்போதுதான் உத்தரவு போட்டேன், அவன் லூயிவில்லில் இருக்கிறான் என்று. ஒரே குடும்பத்துக்கு இரண்டு விடுதலை.

நாரிஸின் கதை வேறு. டஃபின் வழக்கில் பார்க்கர் சொன்ன சாட்சியம் அவனுடைய தீர்ப்பை அசைக்கவில்லை, அது இன்னும் உறுதியாக்கிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். ஆளுநர் மன்னிப்புக் கிடைக்கிற வரைக்கும் அவன் சிறையிலேயே இருந்தான்.